மீட்டர் சொன்ன இருபத்து நான்கு

சென்ற மாதம் ஒரு காலையில் ஷரீனா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் வேலை பார்த்த வாகனப் பரிசோதனை அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் அமர்ந்திருப்பவள் அவள். படத்தில் ஒரு கடை வாசல் முழுக்க மின்சைக்கிள்கள். கீழே ஒரே வரி: "காக் மேரி, இதில் எது சைக்கிள், எது மோட்டார்சைக்கிள்?"

மலாய் மொழியில் அக்காவை 'காக்' என்பார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலு திராமில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே அவளை அழைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். என் கணவர் அந்தோணி அடுப்பை அணைத்து, தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சட்டம் சொல்வது சுருக்கமானதுதான். மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் தானாக ஓய்ந்துவிட வேண்டும். வண்டியின் எடைக்கும் மோட்டாரின் சக்திக்கும் வரம்பு உண்டு. இத்தனைக்கும் உட்பட்டால் அது சைக்கிள். அதற்கு மேல் போகிற வண்டி சாலைக்கு வரவேண்டுமென்றால் அதற்குப் பதிவு எண் வேண்டும், சாலை வரி வேண்டும், காப்புறுதி வேண்டும், ஓட்டுகிறவருக்கு உரிமமும் தலைக்கவசமும் வேண்டும். இரண்டிலும் சேராத வண்டிக்குச் சாலையில் இடமே இல்லை.

"இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வண்டியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றாள் ஷரீனா.

அப்போதுதான் காஹாங் வழக்கைச் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு, "இதை எழுதி வையுங்கள், காக்" என்றாள். எழுதுகிறேன்.

நான் சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே டிராக்டர் ஓட்டினார். பதினாறு வயதில் அவருடைய பழைய மோட்டார்சைக்கிளைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகினேன். போக்குவரத்து இலாகாவில் எழுத்தராகச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி, வாகனப் பரிசோதகராகத் தேறினேன். பயிற்சிக்கு வந்த முப்பது பேரில் நாங்கள் இரண்டே பெண்கள். லாரியின் அடியில் படுத்து எழுந்தால் முகமெல்லாம் கிரீஸ். அதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

என் கடைசி ஆறு வருடங்களுக்கு மேலதிகாரியாக வந்தவர் துவான் ரஸ்லான். 'துவான்' என்றால் ஐயா. என்னைவிட ஏழு வயது இளையவர். முதல் நாளே எனக்கு எரிச்சல். முப்பது வருடம் வண்டி பார்த்தவளுக்கு இவர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று. அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. 'தவறு' என்ற சொல்லையும் சொல்லமாட்டார். நம் அறிக்கையைப் படிப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பென்சிலால் ஒரு வரியின் கீழ் கோடு போட்டு, "சியாப்பா காத்தா?" என்பார். 'யார் சொன்னது?' என்று அர்த்தம். அந்தக் கடிகாரம் மேசையைத் தொடும் சத்தம் கேட்டாலே, எழுதிய அறிக்கையை மனதுக்குள் மறுபடி படிக்கத் தொடங்குவோம்.

அவர் வந்த புதிதில் ஒரு சீனக் கிழவரைப் போலீசார் அழைத்து வந்தார்கள். பழைய சைக்கிளில் புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரைத் தானே பொருத்தி, டப டப என்று சந்தைக்குப் போய்வந்தவர். கம்பிகளை வளைத்திருந்த அழகைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது. 'இயந்திரம் உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ளது, பிரேக் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன். கடிகாரம் மேசைக்கு வந்தது.

"பிரேக் நல்ல நிலை. யார் சொன்னது?"

"நான் பிடித்துப் பார்த்தேன், துவான். சக்கரம் நின்றது."

"வண்டி நின்றுகொண்டிருந்தபோதா, ஓடிக்கொண்டிருந்தபோதா?"

பிறகு அந்தக் கிழவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "அங்கள், இந்த பிரேக்கைச் செய்தவன் மனிதக் கால் மிதிக்கிற வேகத்துக்குத்தான் செய்தான். மோட்டாரைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை." கிழவர் யோசித்துவிட்டு மோட்டாரைத் தானே கழற்றிக் கொடுத்தார். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நான் அதிலிருந்து போதுமான அளவு கற்றுக்கொள்ளவில்லை என்பது காஹாங்கில்தான் தெரிந்தது.

காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம்; எண்ணெய் எடுக்கும் பனை. லயத்து வீடுகளிலிருந்து பெரிய சாலைக்கு வந்து கடைத்தெருவுக்குப் போக பஸ் கிடையாது. அங்கே உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரே கடையில் மின்சைக்கிள் வாங்கினார்கள். லைசென்ஸ் தேவையில்லை, மிதித்தால்தான் ஓடும், இருபத்தைந்துக்கு மேல் போகாது, சட்டப்படி சரி என்ற ஒட்டுவில்லை இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த ஒன்பது பேரில் ஒருவர் அமுதம். ஐம்பத்திரண்டு வயது. கணவர் இல்லை.

ஒரு காலை ஏழரை மணிக்கு அமுதம் பெரிய சாலையில் நேராக வந்துகொண்டிருந்தார். எதிர்ப் பக்கமிருந்து பழக்குலை ஏற்றும் லாரி ஒன்று வலது பக்கம், தோட்டத்துக்குள் திரும்பியது. லாரியின் பின்சக்கரத்தில் சைக்கிள் மோதியது. இடுப்பெலும்பு முறிந்தது; தலையில் பலத்த அடி. அவர் தலையில் இருந்தது வெயிலுக்குக் கட்டிய துணி மட்டும்.

லாரி ஓட்டுநர் சேகருக்கு இருபத்தெட்டு வயது. போலீஸ் அவரைச் சந்தேகப்பட்டது. சாலை நேரானது, வெயில் நன்றாக இருந்தது, சைக்கிள் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியும் குறுக்கே திருப்பியிருக்கிறார் என்றால் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டும் என்றார்கள். கம்பெனி அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தது. வண்டிகளைப் பரிசோதித்து அறிக்கை தரும் வேலை என்னிடம் வந்தது.

லாரியைப் பார்க்கப் போனபோது சேகரும் அங்கே இருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"மேடம், நான் போன் எடுக்கவே இல்ல. சாமி சத்தியமா. அந்த ஆண்ட்டி தூரத்துல, தோட்டத்து போர்டுகிட்ட வந்தாங்க. சைக்கிள்தான லா, நெறைய டைம் இருக்குன்னு திருப்புனேன். பாதி திரும்பறதுக்குள்ள பின்னால டமார்னு சத்தம். எப்படி வந்தாங்கன்னே தெரியல. பறந்து வந்த மாதிரி."

"சைக்கிள் எப்படித் தம்பி பறக்கும்?" என்றேன். இப்போதும் என் காதில் அந்தக் கேள்வி சுடுகிறது.

அமுதத்தை மருத்துவமனையில் பார்த்தேன். தலையில் கட்டு, காலில் இரும்பு. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"வேகமா வந்தியான்னு போலீஸ் கேக்கறாங்க மேடம். நான் எப்பவும் மீட்டரப் பாத்துக்கிட்டேதான் போவேன். இருவத்தி நாலு காட்டுச்சு. இருவத்தஞ்ச ஒரு நாளும் தாண்டுனதில்ல. நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். கட்டிலில் கிடப்பவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

சைக்கிளைப் பரிசோதித்தேன். முன்சக்கரம் நெளிந்திருந்தது, மற்றபடி பெரிய சேதமில்லை. எடை சரி, ஒட்டுவில்லை சரி, மிதிக்காமலே வேகம் கூட்டும் கைத்திருகு இல்லை. ஸ்டாண்டில் ஏற்றி மிதிகட்டையைக் கையால் சுற்றினேன். பின்சக்கரம் உறுமிக்கொண்டு சுழன்றது. மீட்டரில் இருபது, இருபத்து மூன்று, இருபத்தைந்து. உடனே மோட்டார் ஓய்ந்தது. சட்டம் சொன்னபடியே. 'வண்டி இருபத்தைந்து கிலோமீட்டர் வரம்புக்கு உட்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் அறிக்கையின் பொருள் என்னவென்று சொல்கிறேன். தோட்டத்துப் போர்டிலிருந்து சந்திப்பு வரை எழுபத்தைந்து மீட்டர். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஏறக்குறைய பதினோரு விநாடி ஆகும். அந்த லாரி முழுவதும் திரும்பி முடிக்க ஏழு விநாடி போதும். அப்படியானால் மோதியிருக்கவே கூடாது. மோதியதால், சைக்கிள் அருகில் வந்த பிறகுதான் சேகர் திருப்பியிருக்கிறார். போர்டருகே பார்த்தேன் என்பது பொய். அந்த ஒரு தாள் அவருடைய உரிமத்தையும் பிழைப்பையும் கொண்டுபோயிருக்கும். சிறைக்கும் அனுப்பியிருக்கும்.

துவான் ரஸ்லான் படித்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். பென்சில் கடைசி வரிக்குப் போனது.

"இருபத்தைந்து. யார் சொன்னது, மேரி?"

"நான் பார்த்தேன், துவான். மீட்டரில் தெளிவாக இருந்தது."

"அப்படியானால் மீட்டர் சொன்னது. மீட்டருக்கு யார் சொன்னது?"

எனக்குக் கோபம் வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மீண்டும் பட்டறைக்குப் போனேன். அந்தக் கோபத்திலேயே மீட்டரின் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினேன். உள்ளே அமைப்புகளுக்குப் போக நான்கு இலக்க ரகசிய எண் கேட்டது. சைக்கிள் கடை வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் போனில் கேட்டேன். பொதுவான எண்கள் எதுவும் திறக்கவில்லை. "யாரோ மாத்தி வச்சிருக்காங்க மேரி. எதுக்கு மாத்தணும்?" என்றார் அவர். பிறகு சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "மீட்டருக்கு வேகமெல்லாம் தெரியாது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணும். சக்கரம் எவ்வளவு பெரிசுன்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

உடம்பெல்லாம் புல்லரித்தது! அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். சக்கரம் இருபத்தாறு அங்குலம். மீட்டரிடம் அதைவிடச் சின்னச் சக்கரம் என்று யாராவது சொல்லி வைத்திருந்தால்? ஒவ்வொரு சுற்றுக்கும் அது குறைவான தூரத்தையே கணக்கில் எடுக்கும். காட்டும் வேகம் குறையும். மோட்டாரை நிறுத்துவதும் அதே கணக்குதான். அதுவும் ஏமாந்து தாமதமாகத்தான் நிறுத்தும்!

துவானின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். "துவான், ஓட்டிப் பார்க்க வேண்டும்!"

அவர் முதல் முறையாக என் முன்னால் சிரித்தார். "நூறு மீட்டர் அளந்தீர்களா?"

நெளிந்த முன்சக்கரத்துக்குப் பதில் அதே அளவு சக்கரம் ஒன்றை மாட்டினோம். பின்பக்கத்துப் பயிற்சித் தளத்தில் துவானே நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். மூன்று முறை அளந்து சுண்ணாம்புக்கோடு போட்டோம். தொடக்கக் கோட்டில் ஒரு ஊழியர் கைக்குட்டையோடு நின்றார்; முடிவுக் கோட்டில் துவான், நிறுத்துகடிகாரத்தோடு. நான் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டேன்.

மிதித்தேன். மெதுவாகத்தான் மிதித்தேன், சந்தைக்குப் போகிற பெண் மிதிப்பது போல. வண்டி முதலில் செல்லமாக முதுகைத் தள்ளியது. பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து எறிந்தது போல் பாய்ந்தது. ஹெல்மெட்டுக்குள் காற்று விசிலடித்தது. தொடக்கக் கோடு எப்போது போனதென்றே தெரியவில்லை. கண்ணீர் வழிய மீட்டரைப் பார்த்தேன். இருபத்து நான்கு! சாதுவாக, அமைதியாக, இருபத்து நான்கு! ஐம்பத்தேழு வயதில், அந்தத் தளத்தின் நடுவில் நான் வாய்விட்டுக் கத்தினேன். பயத்திலா சந்தோஷத்திலா என்று இன்றுவரை தெரியாது.

முடிவுக் கோட்டைத் தாண்டி பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. கை வலிக்க இறுக்கினேன். ரப்பர் கருகும் வாடை அடித்தது. வேலியோரத்து லாலான் புல்லுக்குள் புகுந்துதான் நின்றேன். துவான் தொப்பி விழுவது தெரியாமல் ஓடி வந்தார்.

"எட்டு விநாடி, மேரி!"

எட்டு விநாடியில் நூறு மீட்டர் என்றால் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். இன்னும் இரண்டு முறை ஓட்டச் சொன்னார். இம்முறை முன்கூட்டியே மிதிப்பதை நிறுத்தினேன். அதே எட்டு. நாற்பத்தைந்தில் வந்தால் போர்டிலிருந்து சந்திப்புக்கு ஆறே விநாடி. லாரிக்கு வேண்டியதோ ஏழு. பின்சக்கரத்தில்தான் மோத வேண்டும். அங்கேதான் மோதியது. சேகர் சொன்னது உண்மை. அமுதம் சொன்னதும் உண்மை. ஒரு சைக்கிளைப் பார்த்த மனிதன் சைக்கிளின் வேகத்தைத்தான் கணக்கிடுவான். அந்தப் பெண்ணோ மீட்டரைத்தான் நம்புவாள்.

அறைக்கு வந்ததும் என் முதல் அறிக்கையைக் கிழிக்கப் போனேன். துவான் என் கையைப் பார்த்து, "வேண்டாம். இரண்டும் கோப்பில் இருக்கட்டும்" என்றார்.

"இதைப் பார்த்தால் எல்லாரும் சிரிப்பார்கள், துவான்."

"சிரிக்கட்டும். நீங்கள் பார்த்ததைத்தானே எழுதினீர்கள்."

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் தோட்டத்துத் திடலில் மற்ற எட்டுப் பெண்களையும் கூட்டினேன். பறிமுதல் செய்ய வந்திருக்கிறேன் என்று பயந்து மூன்று பேர் வண்டியைச் சமையலறைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அமுதத்தின் பெயரைச் சொன்ன பிறகே வெளியே எடுத்தார்கள். நூறு மீட்டர் அளந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். எட்டில் ஆறு வண்டிகள் பறந்தன. முடிவுக் கோட்டில் கடிகாரத்தோடு நின்ற பெண் நேரத்தைக் கூவிச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அடியாத்தே, இதுலயா நான் முட்டை வாங்கிட்டு வந்தேன்!" என்றார் ஒருவர்.

ஆறு வண்டிகளையும் சாட்சியமாக எடுத்துப் போக வேண்டியிருந்தது. "அப்ப நாங்க கடைக்கு எப்படிம்மா போறது?" என்று அவர்கள் கேட்டார்கள். தோட்ட நிர்வாகியிடம் போய் நின்று, வாரம் இரண்டு நாள் ஒரு வேன் விடச் சம்மதிக்க வைத்தேன். அது என் வேலையில் சேராது. செய்யாமல் திரும்ப மனம் வரவில்லை.

கடைக்காரர் மீது வழக்குப் போட்டார்கள். வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தன என்றார் அவர். ஆனால் பறந்த ஏழு வண்டிக்கும் ஒரே ரகசிய எண். அதை நீதிமன்றத்தில் சொன்னவர் அவருடைய மெக்கானிக். 'வாங்கியவர்கள் வேகம் பத்தல என்று திருப்பிக் கொடுக்கக்கூடாது' என்பதற்காக முதலாளி மாற்றச் சொன்னாராம். சக்கரம் பதினான்கு அங்குலம் என்று மீட்டருக்குச் சொல்லியிருந்தார்கள்.

நான் கூண்டில் ஏறியதும் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் என் முதல் அறிக்கையை உயர்த்திப் பிடித்தார்.

"இது உங்கள் கையெழுத்துத்தானே? வண்டி வரம்புக்கு உட்பட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருட அனுபவம் உள்ளவர். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

அந்தத் தாளைக் கிழித்திருந்தால் இவ்வளவு இல்லையே என்று ஒரு கணம் துவான்மேல் கோபம் வந்தது. அடுத்த கணம் எனக்கே புரிந்துவிட்டது! நிமிர்ந்து நின்று பேசினேன்.

"இரண்டும் பொய் இல்லை, ஐயா. அன்று மீட்டரைப் பார்த்து எழுதினேன், ஏமாந்தேன். முப்பது வருடமாக இதையே வேலையாகச் செய்கிறவள், கையில் எல்லாக் கருவியும் வைத்துக்கொண்டு ஏமாந்தேன். பழம் பொறுக்குகிற ஒரு பெண்ணுக்குத் தான் நாற்பத்தைந்தில் போகிறோம் என்று எப்படித் தெரிந்திருக்கும்?"

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். வழக்கறிஞர் தாளைக் கீழே வைத்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்றார். பின்வரிசையில் துவான் ரஸ்லான் தன் கடிகாரத்தைக் கையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தண்டிக்கப்பட்டார். சேகர் மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் முடிவு செய்தது. அவர் வேறொரு கம்பெனியில் லாரி ஓட்டப் போனார்.

நான் ஓய்வு பெறும் வாரத்தில், மோட்டார்சைக்கிள் உரிமத் தேர்வுத் தளத்தின் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் மேலாடையில் ஒரு பெண் லேசாக நொண்டியபடி வண்டியை நோக்கி நடந்தார். அமுதம். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறையாக வந்திருந்தார். ஒடுக்கமான பலகை மேல் வண்டியை விடும்போது பக்கத்தில் நின்ற ஆளின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சேகர். அரை நாள் விடுப்பு எடுத்து அமுதத்தைக் கூட்டி வந்திருந்தார்.

பலகை முடிந்தது. வளைவுகள் முடிந்தன. நிறுத்தக் கோட்டில் கச்சிதமாக நின்றார். தேர்வாளர் கட்டைவிரலை உயர்த்தினார். சேகர் வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

அமுதம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எங்களிடம் வந்தார். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், லாரி லைசென்ஸ் எடுக்கறதுக்கு வயசு வரம்பு ஏதாச்சும் இருக்கா?"

"அலமாக், ஆண்ட்டி!" என்று தலையில் கைவைத்தார் சேகர்.